காசியோப்பியா ஏ நடுவில் இருக்கும் புள்ளி ஏன் துடிக்கவில்லை?

நிலாச்சோறு · சனி, இரவு 9:42

ஒரு சின்ன அவமானத்தில் இருந்து இந்த இழையை ஆரம்பிக்கிறேன். என் கணினித் திரையில் பல மாதமாக சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கி எடுத்த காசியோப்பியா ஏ (வெடித்த நட்சத்திரத்தின் எச்சம்) படம் கிடக்கிறது. அண்ணன் மகள், பத்தாவது படிக்கிறாள், நேற்று வீட்டுக்கு வந்தவள் நடுவில் இருக்கும் புள்ளியைக் காட்டி "சித்தப்பா, இது என்ன?" என்றாள். "பல்சர். நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சிய நியூட்ரான் விண்மீன், பம்பரம் மாதிரி சுற்றும், அதனால் துடிக்கும்" என்று அடித்துவிட்டேன். அவள் போனை எடுத்து இரண்டு நிமிடம் தேடிவிட்டு, "அது துடிக்கிறதை இதுவரை யாரும் பார்க்கவே இல்லையாமே" என்றாள். அதோடு விட்டாளா, "துடிக்காததைத் துடிவிண்மீன் என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று ஒரு குத்து வேறு. பாடப்புத்தகத்துத் தமிழ்ச்சொல் இப்படி நம்மையே திருப்பி அடிக்கும் என்று நினைக்கவில்லை.

நண்டு நெபுலாவில் இருப்பது நொடிக்கு 30 முறை துடிக்கிறது. இதுவும் அதே மாதிரி வெடிப்பு, இன்னும் சொல்லப்போனால் அதைவிட 600 வருடம் இளையது. பிறகு ஏன் சத்தமே இல்லை? இன்னொன்று, அந்தச் சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் நிஜமா?

வடக்குவீதி · சனி, இரவு 10:05

சுலபம் நண்பரே. பல்சர் ஒரு கலங்கரை விளக்கம். அதன் ஒளிக்கற்றை நம் பக்கம் திரும்பினால் துடிப்பு தெரியும், திரும்பாவிட்டால் தெரியாது. காசியோப்பியா ஏ விளக்கு வேறு யாருக்கோ அடிக்கிறது. அவ்வளவுதான், பிள்ளையிடம் சொல்லுங்கள்.

எண்ணிக்கை · சனி, இரவு 11:31

வடக்குவீதி சொல்வது மற்ற பல இடங்களுக்குப் பொருந்தும், இங்கே ஒட்டாது. நண்டு நெபுலாவின் பல்சர் தன் சுழற்சி ஆற்றலை இழந்துகொண்டே இருக்கிறது, அதன் சுழற்சிக் காலம் ஒரு நாளைக்குச் சுமார் 36 நானோசெகண்ட் நீளுகிறது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் அப்படி இழக்கும் ஆற்றல் சூரியன் வெளியிடுவதைப் போல லட்சம் மடங்கு. அது காற்றாகக் கிளம்பி மோதித்தான் சுற்றியுள்ள நெபுலா முழுக்க ஒளிர்கிறது. 1999-ல் சந்திரா எடுத்த படத்தில் பல்சரைச் சுற்றி ஒரு வளையமும், இருபக்கமும் பீய்ச்சும் தாரைகளும் தெளிவாகத் தெரிந்தன. ஆக, விளக்கு நம் பக்கம் திரும்பாவிட்டாலும், விளக்கைச் சுற்றி நனைந்த வெளிச்சம் தெரிய வேண்டும். காசியோப்பியா ஏ புள்ளியைச் சுற்றி அப்படி ஒரு நெபுலாவே இல்லை. வெறும் புள்ளி.

அதற்கு மேல் போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம், இல்லாவிட்டால் நிறத்தைப் பற்றிய கேள்விக்கும் பதில் வராது. எக்ஸ்-கதிர் செயற்கைக்கோள் கேமரா மாதிரி படம் எடுப்பதில்லை. மொய்க்கணக்கு எழுதும் ஆள் மாதிரி உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) ஒரு வரி எழுதுகிறது: எந்த இடத்தில் விழுந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆற்றலோடு. நாம் பார்க்கும் படம் என்பது அந்த நோட்டில் இருக்கும் "இடம்" பத்தியை மட்டும் எடுத்துப் புள்ளி வைத்தது. ஆற்றல் பத்தியைச் சேர்த்தால் நிறம். நேரப் பத்தியைத் தனியாக எடுத்து ஒழுங்கு தேடினால் துடிப்பு.

இதில் சந்திராவுக்கு ஒரு குறை உண்டு. அதன் சி.சி.டி. கருவி வழக்கமான முறையில் 3.2 நொடிக்கு ஒருமுறைதான் வாசிக்கும். அதற்குள் நண்டு பல்சர் ஏறக்குறைய 95 சுற்று முடித்துவிடும்! துடிப்பு தேட எச்.ஆர்.சி. என்ற இன்னொரு கருவி இருக்கிறது, மைக்ரோசெகண்ட் கணக்கில் நேரம் குறிக்கும், ஆனால் ஏவிய பிறகுதான் தெரிந்தது, அதன் வயரிங்கில் ஒரு பிழை, ஒரு ஃபோட்டானின் நேரம் பக்கத்து ஃபோட்டானின் கணக்கில் எழுதப்படுகிறது. மொய்நோட்டில் ஒரு வரி தள்ளி எழுதினால் என்ன ஆகும், அதே கதை. அதைச் சமாளிக்கத் தனி முறை வகுத்து அந்தப் புள்ளியைத் தேடினார்கள். ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளும் தேடியது. உறுதியாகத் துடிப்பு என்று சொல்ல ஒன்றும் சிக்கவில்லை.

மீதி நாளைக்கு.

கரிசல்காடு · ஞாயிறு, காலை 7:12

அப்படியென்றால் நிறம் எல்லாம் இவர்கள் பூசியதுதானே? நான் முதலில் இருந்தே சொல்கிறேன், போட்டோஷாப் என்று. யாரும் கேட்பதில்லை.

பூவரசி · ஞாயிறு, காலை 8:50

கரிசல்காடு அண்ணே, நீங்கள் சொல்வதில் பாதி சரி. எந்த நிறம் என்பது அவர்கள் தேர்வு. எங்கே அந்த நிறம் என்பது அவர்கள் தேர்வு அல்ல. நான் வேதியியல் எடுப்பவள், எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே அதுதான். சூடான சிலிக்கான் 1.86 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டான் ஆற்றலின் அளவு) அருகில் ஒளிரும், கந்தகம் 2.4 அருகில், இரும்பு 6.7 அருகில். பரவலாகச் சுற்றும் ஒரு படத்தில் சிலிக்கானுக்குச் சிவப்பு, கந்தகத்துக்கு மஞ்சள், கால்சியத்துக்குப் பச்சை, இரும்புக்கு ஊதா கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இரும்புக்கு மஞ்சள் கொடுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் இரும்பு இருக்கும் இடம் மாறாது.

மாறாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரும்பு நட்சத்திரத்தின் ஆழத்தில் உருவாவது, சிலிக்கான் அதற்கு மேல் அடுக்கு. ஒழுங்காக வெடித்திருந்தால் இரும்பு உள்ளேயும் சிலிக்கான் வெளியேயும் இருக்க வேண்டும். காசியோப்பியா ஏ-வில் சில பக்கம் இரும்பு சிலிக்கானைத் தாண்டி வெளியே நிற்கிறது, 2000-லேயே இதைக் கண்டுகொண்டார்கள். குழம்பைக் கிளறினால் அடியில் கிடந்தது மேலே வருமே, அது மாதிரி வெடிக்கும்போதே அடுக்குகள் புரண்டிருக்கின்றன. பிறகு 2014-ல் நூஸ்டார் செயற்கைக்கோள் டைட்டேனியம்-44 எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டது. அரை ஆயுள் சுமார் 60 வருடம்தான் என்பதால், அது வெடிப்பிலேயே உண்டானது, அதன் சுவடு இன்னும் ஆறவில்லை. அந்தப் படம் திட்டுத்திட்டாக இருந்தது, வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதற்கு நேரடிச் சாட்சி.

கரிசல்காடு · ஞாயிறு, காலை 9:03

சரி. "பாதி சரி" என்றதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பழையரேடியோ · ஞாயிறு, காலை 10:26

துடிப்பு தேடுவது பற்றிப் பேசும்போது எனக்கு 1964 கதை நினைவுக்கு வருகிறது, தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்போது எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளே கிடையாது. காற்று மண்டலம் எக்ஸ்-கதிரை விழுங்கிவிடும் என்பதால் ராக்கெட்டில் கருவியை ஏற்றி, மேலே இருக்கும் சில நிமிடத்தில் எண்ணிவிட்டுக் கீழே விழ வேண்டும். நண்டு நெபுலாவில் இருந்து எக்ஸ்-கதிர் வருவது தெரியும். நியூட்ரான் விண்மீனில் இருந்து வருகிறதா, பரந்த நெபுலாவில் இருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. அன்றைய கருவிகளுக்கு அந்தக் கூர்மை இல்லை.

நண்டு நெபுலா சூரியன் போகும் பாதைக்கு மிக அருகில் இருப்பதால் எப்போதாவது நிலா அதை மறைக்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஹெர்பர்ட் ஃப்ரீட்மனின் குழு 1964 ஜூலை 7 அன்று, நிலா மறைக்கும் அந்தச் சில நிமிடத்துக்குச் சரியாக ராக்கெட்டை விட்டது. புள்ளி என்றால் நிலாவின் விளிம்பு பட்டதும் சட்டென்று அணைய வேண்டும். படிப்படியாகக் குறைந்தது. ஆகவே நெபுலாதான் என்று முடிவு கட்டினார்கள், நியூட்ரான் விண்மீனை எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். நாலே வருடத்தில், 1968-ல், அதே நெபுலாவுக்குள் ரேடியோ பல்சர் அகப்பட்டது. 1969-ல் ராக்கெட் கருவிகள் எக்ஸ்-கதிரிலும் அதே துடிப்பைப் பிடித்தன. அதாவது 1964-ல் சொன்னதும் பொய்யில்லை, பெரும்பகுதி எக்ஸ்-கதிர் நெபுலாவில் இருந்துதான் வருகிறது. அந்த நெபுலாவுக்குச் சோறு போடுவது யார் என்பதுதான் அன்றைக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கை · ஞாயிறு, மதியம் 2:18

பழையரேடியோ சார் விலகவில்லை, நேராக விஷயத்துக்கே வந்துவிட்டார்.

காசியோப்பியா ஏ புள்ளியில் இருந்து வருவது விளக்குக் கற்றை அல்ல, வெறும் சூடு. சுமார் 20 லட்சம் டிகிரியில் காய்ந்துகொண்டிருக்கும் மேற்பரப்பு. சூட்டுக்கும் துடிப்பு உண்டு, எப்போது என்றால் மேற்பரப்பில் ஒரு இடம் மட்டும் அதிகம் காய்ந்திருந்தால். தோசைக்கல்லின் ஒரு ஓரத்தில் மட்டும் தீ பட்டு, கல்லைச் சுற்றினால் கையில் அனல் கூடிக் குறையும் இல்லையா, அது.

ஆரம்பத்தில் வந்த கணக்கு இதுதான்: ஹைட்ரஜன் வளிமண்டலம் என்று வைத்துக்கொண்டு, வருகிற வெளிச்சத்தையும் 11,000 ஒளியாண்டு தூரத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒளிரும் பரப்பு நியூட்ரான் விண்மீனுக்கு இருக்க வேண்டிய அளவைவிட மிகச் சிறியதாக வந்தது. சிறியது என்றால் சூட்டுப் பொட்டு. பொட்டு என்றால் துடிக்க வேண்டும். துடிக்கவில்லை. இந்த முரணை 2009-ல் வின் ஹோவும் கிரெய்க் ஹைன்கேயும் வேறு பக்கமாக அவிழ்த்தார்கள். ஹைட்ரஜனுக்குப் பதில் கார்பன் வளிமண்டலம் என்று போட்டால் விட்டம் சாதாரண நியூட்ரான் விண்மீனுக்கு உள்ள அளவுக்கே வந்துவிடுகிறது. அப்படியானால் மேற்பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிர்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், துடிப்பு வராது. அந்தக் கார்பன் படலத்தின் தடிமன் சுமார் 10 சென்டிமீட்டர்! பிறந்த சூட்டில் ஹைட்ரஜனும் ஹீலியமும் எரிந்து கார்பனாகி இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

எனவே உங்கள் அண்ணன் மகளின் கேள்வி லேசுப்பட்டதல்ல. துடிக்கவில்லை என்ற தகவலே அங்கே அளவுகோலாக வேலை செய்திருக்கிறது.

ஆனால் காதில் போட்டு வைக்க ஒன்று உண்டு. இதே ஜாதிப் புள்ளிகள் பத்துக்கு மேல் தெரியும், எச்சத்தின் நடுவில், ரேடியோ இல்லாமல், நெபுலா இல்லாமல். அவற்றில் மூன்று துடிக்கின்றன. பப்பிஸ் ஏ எச்சத்தில் இருப்பது அதில் ஒன்று, 112 மில்லிசெகண்ட். அது பல வருடம் அகப்படவே இல்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எதிரெதிரே இரண்டு சூட்டுப் பொட்டு, ஒன்று அதிகச் சூடு, ஒன்று குறைவு. ஒன்று நம்மைப் பார்க்கும்போது உயர் ஆற்றல் ஃபோட்டான் கூடும், மற்றது பார்க்கும்போது தாழ்ந்த ஆற்றல் கூடும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி எண்ணினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சமமாகிவிடும். 2009-ல் ஆற்றலைப் பிரித்து வைத்து நேரத்தைப் பார்த்த பிறகுதான் துடிப்பு வெளியே வந்தது. நோட்டில் ஒரு பத்தியை மட்டும் படித்தால் இப்படித்தான்.

இந்த மூன்றின் காந்தப்புலமும் நண்டு பல்சரோடு ஒப்பிட்டால் சோனி. காசியோப்பியா ஏ-வும் அப்படி இருந்தால் காற்றும் நெபுலாவும் இல்லாதது புரிகிறது. வெடிப்பில் திரும்ப விழுந்த பொருள் காந்தப்புலத்தைப் புதைத்துவிட்டது, காலம் போனால் மெல்ல வெளியே வரும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

வடக்குவீதி · ஞாயிறு, மாலை 4:40

என் கலங்கரை விளக்கத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இதை யாரும் சொல்லவில்லையே: அந்தப் புள்ளி நம் கண் முன்னாலேயே குளிர்ந்துகொண்டிருக்கிறது, பத்து வருடத்தில் 4 சதவீதம். உள்ளே நியூட்ரான்கள் மிகைப்பாய்மம் (உராய்வே இல்லாமல் பாயும் நிலை) ஆகின்றன என்பதற்கு நிரூபணம் கிடைத்துவிட்டது என்று படித்தேன்.

எண்ணிக்கை · ஞாயிறு, மாலை 5:25

"நிரூபணம்" என்ற சொல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் இருக்கட்டும். 2010-ல் அந்த 4 சதவீதம் வந்தது உண்மை. மிகைப்பாய்மம் உருவாகும்போது நியூட்ரினோக்கள் அதிகமாகக் கிளம்பி வேகமாகக் குளிர்விக்கும் என்ற விளக்கம் 2011-ல் வந்ததும் உண்மை, அழகான விளக்கம்தான். ஆனால் சந்திராவின் சி.சி.டி. முன்னால் இருக்கும் குளிர்ந்த வடிகட்டியின் மேல் வருடக்கணக்காக ஒரு அழுக்குப் படலம் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தாழ்ந்த ஆற்றல் ஃபோட்டான்களைத்தான் முதலில் விழுங்கும். நட்சத்திரம் மங்குகிறதா, கண்ணாடியில் தூசி ஏறுகிறதா? இரண்டும் ஒரே திசையில் காட்டும். 2013 முதல் போசல்ட், பாவ்லோவ் இருவரும் இதைக் கிளப்பினார்கள். படலத்தின் அளவைத் திருத்தித் திருத்தி, குளிரும் வேகம் இப்போது முதலில் சொன்னதில் பாதிக்கு அருகில் வந்து நிற்கிறது. நான் குளிர்கிறது என்ற பக்கம்தான் சாய்வேன், பந்தயம் கட்டச் சொன்னால் மாட்டேன்.

மொட்டைமாடி · ஞாயிறு, இரவு 8:15

மொய்நோட்டு உவமையைப் பார்த்ததும் நானும் வந்துவிட்டேன், ஏனென்றால் போன மழைக்காலத்தில் அந்த நோட்டை நானே திறந்து பார்த்தேன். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் எல்லாம் இலவசம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2017-ல் விண்வெளி நிலையத்தில் பொருத்திய நைசர் கருவியின் நண்டு நெபுலாத் தரவை இறக்கினேன். நைசர் படமே எடுக்காது, எண்ண மட்டும்தான் செய்யும், ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் 300 நானோசெகண்டுக்குள் சரியாக நேரம் குறிக்கும்.

ஜோட்ரல் பேங்க் ரேடியோ ஆய்வகம் மாதாமாதம் வெளியிடும் அட்டவணையில் இருந்து சுழற்சிக் காலத்தை எடுத்து, எல்லா ஃபோட்டான்களையும் அந்தக் காலத்துக்கு மடித்து அடுக்கினேன். வந்தது ஒரு தட்டைக் கோடு. மூன்று இரவு உட்கார்ந்தேன். நிரல் சரி, அட்டவணை சரி, தட்டைக் கோடு. கடைசியில் பார்த்தால் நான் பூமியை மறந்துவிட்டேன்! பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. நண்டு நெபுலா நம் சுற்றுப்பாதைத் தளத்திலேயே கிடப்பதால் வருடத்தில் சில மாதம் அந்த வேகம் முழுக்க அதை நோக்கியோ அதை விட்டோ போகும். அட்டவணையில் இருக்கும் காலம் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தில் இருந்து பார்ப்பவருக்கு உரியது. திருத்தாமல் மடித்தால் ஐந்தரை நிமிடத்தில் ஒரு முழுத் துடிப்பு நழுவிவிடும். நழுவி நழுவி எல்லாம் கலந்து சமமாகிவிடும். போதாததற்கு விண்வெளி நிலையம் வேறு நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் பூமியைச் சுற்றுகிறது.

இந்தத் திருத்தத்தைச் செய்ய பேரிகார் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதை ஓட்டிவிட்டு மறுபடி மடித்தேன். உயரமான முனை ஒன்று, கொஞ்சம் தள்ளிக் குட்டையாக இன்னொன்று, அச்சடித்த மாதிரி. நடு இரவில் வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன். "இதற்கா?" என்றார் மனைவி.

பழையரேடியோ · ஞாயிறு, இரவு 9:30

மொட்டைமாடி தம்பி, அந்த இரண்டு முனையைத்தான் நம் எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் போலிக்ஸ் கருவியும் முதலில் பார்த்தது. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி58-ல் போனது, பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனம் செய்த கருவி, அந்த மாதமே நண்டு பல்சரின் துடிப்பு வடிவத்தைக் காட்டியது. கூடவே போன எக்ஸ்பெக்ட் கருவி முதலில் பார்த்தது எதை? காசியோப்பியா ஏ-வை. இந்த இழையில் நாம் அடித்துக்கொள்ளும் அதே இரண்டு பேர். தற்செயல் இல்லை. நண்டு பல்சரின் துடிப்பு தெரிந்தது, நேரம் சரிபார்க்க ஆகும். காசியோப்பியா ஏ-வின் சிலிக்கான், கந்தகம், இரும்புக் கோடுகள் எங்கே வரவேண்டும் என்று தெரியும், ஆற்றல் சரிபார்க்க ஆகும்.

எக்ஸ்-கதிர்க்காரர்கள் பிரகாசத்தைக் கூட "இத்தனை மில்லிகிராப்" என்றுதான் சொல்வார்கள், கிராப் என்றால் ஆங்கிலத்தில் நண்டு, நண்டு நெபுலாவே எடைக்கல். அந்த எடைக்கல் தேய்ந்த கதை தெரியுமா? 2008-ல் இருந்து 2010 வரை நண்டு நெபுலா சுமார் 7 சதவீதம் மங்கிவிட்டது. ஒரு கருவி மட்டும் காட்டியிருந்தால் கருவிக் கோளாறு என்று தள்ளியிருப்பார்கள். ஃபெர்மி செயற்கைக்கோளில் பார்த்து, ஸ்விஃப்ட், இன்டெக்ரல், ஆர்.எக்ஸ்.டி.இ. மூன்றோடும் ஒத்துப் பார்த்த பிறகே வாயைத் திறந்தார்கள். இதில் வேடிக்கை, ஃபெர்மி அதை அளந்தது பூமியின் விளிம்பில் நண்டு நெபுலா மறைவதையும் எழுவதையும் வைத்து. 1964-ல் நிலா, இப்போது பூமி. துடிப்பில் மாற்றம் இல்லை, மங்கியது நெபுலாதான்.

கரிசல்காடு · ஞாயிறு, இரவு 9:41

எடைக்கல்லே தேய்ந்தால் இத்தனை வருடம் இவர்கள் நிறுத்த சரக்கெல்லாம்?

பழையரேடியோ · ஞாயிறு, இரவு 9:48

அந்தக் கேள்வியை அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். சில சதவீதத் துல்லியம் போதும் என்கிற வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைவிடத் துல்லியம் கேட்டவர்களுக்குத்தான் தலைவலி.

நிலாச்சோறு · திங்கள், மாலை 6:20

எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மொய்நோட்டு அவளுக்கு ரொம்பப் பிடித்தது. பப்பிஸ் ஏ கதையை இரண்டு முறை படித்தாள். அப்புறம் கேட்கிறாள்: "நண்டு வெடித்ததை 1054-ல் சீனாவில் பகலிலேயே 23 நாள் பார்த்திருக்கிறார்கள். காசியோப்பியா ஏ வெளிச்சம் வந்தது 1680 வாக்கில் என்கிறார்கள், அப்போது ஐரோப்பாவில் தொலைநோக்கியே இருந்ததே, ஒருத்தரும் ஏன் கொண்டாடவில்லை?"

பூவரசி · திங்கள், மாலை 6:55

வழியில் தூசு மண்டலம், வெளிச்சத்தை நிறைய மறைத்துவிட்டது என்கிறார்கள். ஜான் ஃபிளாம்ஸ்டீட் 1680-ல் அந்தப் பக்கம் ஒரு மங்கலான நட்சத்திரத்தைக் குறித்து வைத்தார், பிறகு அங்கே அது இல்லை. அதுதானா என்பதில் இன்றும் சண்டை.

எண்ணிக்கை · திங்கள், மாலை 7:10

இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தப் புள்ளி 1999 ஆகஸ்டில் சந்திராவின் முதல் படத்தில் பளிச்சென்று தெரிந்த பிறகு, ரோசாட், ஐன்ஸ்டீன் செயற்கைக்கோள்களின் பழைய படங்களைப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் மங்கலாக இருந்தது. இருபது வருடம் முன்பே நோட்டில் ஏறிய வரி.

மொட்டைமாடி · திங்கள், இரவு 8:02

பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் என் நிரலை அனுப்புகிறேன், நண்டு நெபுலாவை அவளே மடித்துப் பார்க்கட்டும். பேரிகார் வரியை மட்டும் வேண்டுமென்றே நீக்கிவிட்டு அனுப்பவா?

நிலாச்சோறு · திங்கள், இரவு 8:09

அனுப்புங்கள். எனக்கு மட்டும் அந்த வரியோடு தனியாக ஒரு பிரதி.